ஒரு தப்புக்கு ஒரு புள்ளி

டத்தோ கிராமாட், பினாங்கு
12.1.2025

அன்புத் தங்கை தனலெட்சுமிக்கு அண்ணன் சுகுமாரன் எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நான் சுகம். நீயும் மாப்பிள்ளை வேலுவும் சுகமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

வாட்ஸ்அப் இருக்கும்போது அண்ணன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று சிரிப்பாய். பஸ் ஓட்டி ஓட்டித் தமிழ்க் கையெழுத்தே மறந்துவிடும்போல் இருக்கிறது. அதனால்தான்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் கடை வைத்திருக்கும் என் கூட்டாளி ஹைதர் எங்கிருந்தோ நம் பழைய உழவாளிப் படங்கள் இரண்டைப் பிடித்துவிட்டான். ‘ஊதா உறை’, ‘மூன்றாவது சாவி’. ஏஜெண்ட் ஜெயசீலனை நியாபகம் இருக்கிறதா? கோட்டோடு கடலில் குதித்து, தலைவாரியது கலையாமல் கரையேறுவாரே, அவரேதான். மூன்றாவது படம் ‘கப்பலில் கண்ணி’ மட்டும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறான். பென்டிரைவில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நீயும் பார். சின்ன வயதில் செய்தது போல் படத்தில் தப்பு கண்டுபிடிப்போம். ஒரு தப்புக்கு ஒரு புள்ளி.

இன்னொரு விதியும் சேர்க்கிறேன். நீ டீச்சர். என் கடிதத்தில் வரும் தப்புக்கும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, மொத்தம் எத்தனை என்று எழுதி, கடிதத்தையே திருப்பி அனுப்பு. எழுத்துப்பிழை மட்டுமல்ல, கதை, தேதி, பேர் எதுவானாலும்.

முதலாளி சந்திரசேகரன் இன்னும் ஒரு வருஷம் ஓட்டுகிறாயா என்று கேட்கிறார். பாலம் தாண்டிப் பிறையில் இருக்கும் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் முப்பத்திநாலு பேர். வேறு யார் ஓட்டினாலும் அவர்களுக்குப் பஸ்ஸில் தூக்கம் வராதாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்பு அண்ணன்
சுகுமாரன்


ஜொகூர் பாரு
24.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். இங்கு இருவரும் நலம். உங்கள் மாப்பிள்ளையின் கால் வடிந்துவிட்டது, வாய்தான் இன்னும் வடியவில்லை. அண்ணி தவறி நான்கு வருஷமாகிறது. இந்தப் பொங்கலுக்காவது அடுப்பு மூட்டினீர்களா, இல்லை ஹைதர் அண்ணன் கடைச் சோறுதானா?

‘ஊதா உறை’ பார்த்தேன். ரகசியக் குகைச் சுவரில் ஜவுளிக்கடை நாட்காட்டி தொங்குகிறது. ஆறு குண்டுத் துப்பாக்கி ஒன்பது முறை வெடிக்கிறது. கதாநாயகி கன்னத்தில் ஒரு மச்சம் வைத்ததும் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. ஜெயசீலன் சோப்புப் பெட்டியைக் காதில் வைத்து டில்லியோடு பேசுகிறார். சோப்பு உள்ளேயே இருக்கிறது. ஐந்து புள்ளி எனக்கு. உதவியாள் சொக்கு வந்தாலே எனக்குப் போதும். மாடியிலிருந்து விழுந்தாலும் வெடிகுண்டு வெடித்தாலும் புகைக்குள்ளிருந்து இருமிக்கொண்டு எழுந்து வருவான். அவனைச் சாகடிக்க யாராலும் முடியாது.

உங்கள் கடிதத்தில் இரண்டு தப்பு. ‘உழவாளி’யாம். ஏர் பூட்டிக்கொண்டா ஒற்று வேலைக்குப் போகிறார்? உளவாளி. பிறகு, ஞாபகம், அண்ணே. ‘நியாபகம்’ இல்லை. அதை நீங்கள் பிறந்ததிலிருந்தே தப்பாகத்தான் எழுதுகிறீர்கள்.

‘கப்பலில் கண்ணி’ கிடைத்தால் பழைய வழக்கைத் தீர்த்துவிடலாம். கடைசிக் காட்சியில் நான் தூங்கவில்லை. வில்லன் கடலில் விழுவதையும் சொக்கு தொப்பியை எறிந்து கூத்தாடுவதையும் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அன்புத் தங்கை
தனலெட்சுமி


டத்தோ கிராமாட்
16.2.2025

அன்புத் தங்கைக்கு, நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் கேட்கிறேன். அவருக்குக் கால் வீக்கம் எப்படி?

போன ஞாயிற்றுக்கிழமை தைப்பூசம். தண்ணீர்ப்பந்தலில் நின்றேன். உழவாளி ஜெயசீலன் வேஷம் போட்டது போல் ஒருவன் கறுப்புக் கண்ணாடியோடு காவடி தூக்கினான், சிரித்துவிட்டேன். முருகன் மன்னிக்கட்டும்.

‘மூன்றாவது சாவி’ பார்த்தேன். அதில் சோப்புப் பெட்டியைக் காதில் வைத்துப் பேசுகிறாரே, உள்ளே சோப்பு இருக்கிறது. ஒரு புள்ளி. கார் கறுப்பாகச் சுரங்கத்துக்குள் போய்ப் பச்சையாக வெளியே வருகிறது. இன்னொரு புள்ளி. வேறு சில இருந்தன, நியாபகம் இல்லை. இனி பேனாவும் கையுமாக உட்கார்ந்து பார்க்கப்போகிறேன்.

நீ கண்டிப்பாகத் திருத்து. அண்ணன் என்று பார்க்காதே. ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு எப்படியோ அப்படி.

மாப்பிள்ளைக்குக் கால் வீக்கம் எப்படி என்று எழுது.

சுகுமாரன்


ஜொகூர் பாரு
2.3.2025

அன்புள்ள அண்ணே, நாங்கள் நலமே. கால் நலம், கால் நலம். இரண்டு முறை கேட்டதால் இரண்டு முறை பதில்.

மாட்டிக்கொண்டீர்கள். ஐந்து தப்பு. உழவாளி, நியாபகம், தைப்பூசம் செவ்வாய்க்கிழமை, சோப்புப் பெட்டி முந்தின படம், அதுவும் நான் எழுதியதையே திருப்பி எழுதியிருக்கிறீர்கள், கடைசியாகக் கால் வீக்கம். என்னைச் சோதிக்க வேண்டுமென்றே தப்பு விதைக்கிறீர்கள் என்று நேற்றே புரிந்துவிட்டது. கள்ளன் நீங்கள். நம் வீட்டிலேயே ஓர் ஒற்றன்.

‘மூன்றாவது சாவி’யில் அந்தப் பூக்காரப் பெண்ணைக் கவனித்தீர்களா? பூக்கூடைக்கு அடியில் ரகசியச் சீட்டை வைத்து அனுப்புகிறார் ஜெயசீலன். என்ன சுமக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. பாவம், கடைசிவரை அவர் சொல்லவே இல்லை. படத்தில் பெரிய தப்பு அதுதான் என்பேன். அதற்கு இரண்டு புள்ளி எடுத்துக்கொள்கிறேன்.

தனம்


டத்தோ கிராமாட்
30.3.2025

அன்புத் தங்கைக்கு, சுகம். சுகத்துக்கு எழுது.

பதில் தாமதம். நாளை நோன்புப் பெருநாள், ஹைதர் கடையில் நிற்க இடமில்லை. சித்தி ஹாஜரா, அவன் சம்சாரம், ஒரு வாளி நிறைய ரெண்டாங் கறி கொடுத்தனுப்பியிருக்கிறார்.

பிடித்துவிட்டாயே. ஆமாம், விதைத்தேன். எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறாயா என்று பார்த்தேன்.

ஒரு சந்தேகம். ஒரு கடிதத்தில் எத்தனை தப்பு வந்தால் நீ ஃபெயில் போடுவாய்? விளையாட்டாக இல்லாமல் டீச்சராகச் சொல்.

சுகுமாரன்


ஜொகூர் பாரு
9.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கு எல்லோரும் சௌக்கியம். உங்கள் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்ததால் தப்பு ஒன்றுகூடச் சிக்கவில்லை. அது கள்ளாட்டம்.

ஃபெயில் கணக்கா? பத்து. பத்தைத் தாண்டினால் ‘அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா’ என்று வெளியே நிறுத்திவிடுவேன். உங்களுக்கு இல்லை, பிள்ளைகளுக்கு. உங்களுக்கு வேண்டுமானால் பத்தோடு நிறுத்தி, பேனாவைப் பிடுங்கிக்கொள்கிறேன்.

முதலாளிக்கு என்ன பதில் சொன்னீர்கள்? இன்னொரு வருஷமும் ஓட்டுங்கள் அண்ணே. சும்மா வீட்டில் உட்கார்ந்தால் சுவரோடுதான் பேச வேண்டும்.

தனம்


டத்தோ கிராமாட்
18.5.2015

அன்புத் தங்கைக்கு, சுகம். மாப்பிள்ளை ராமு சுகமா?

இங்கு நல்ல மலை பெய்தது. பஸ்ஸில் இருபது பேர், தொளிற்சாலைக்கு நேரத்தில் கொண்டுபோய் விட்டேன். நேற்று உழவாளிப் படம் மறுபடி பார்த்தேன். ஜெயபாலன் கார் சுரங்கத்துக்குள் கறுப்பாகப் போய்ப் பச்சையாக வருகிறது. நியாபகம் இருக்கிறதா, சொக்கு டில்லியில் பெரிய அதிகாரி. உன் அண்ணிகூடச் சிரித்துவிட்டாள். வயிறு வலிக்கிறது நிறுத்துங்க என்றாள்.

கார் ஒன்று சுரங்கத்துக்குள் கறுப்பாகப் போகிறது, வெளியே வரும்போது பச்சை. இதைக் கவனித்தாயா? ஒரு புள்ளி எனக்கு.

நீ ஸ்கூலுக்குப் போக பஸ் பாஸ் வாங்கிவிட்டாயா? எண்ணிக்கையை மறக்காமல் எழுது. சரியாக எண்ணு.

அன்புத் தம்பி
சுகுமாரன்


ஜொகூர் பாரு
29.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் நலம். உங்கள் உடம்பு எப்படி? சாப்பாடு நேரத்துக்கு ஆகிறதா? தூக்கம் வருகிறதா?

உங்கள் கடிதத்தைத் திருத்தி இதோடு வைத்திருக்கிறேன். நான்கு தப்பு. எல்லாம் எழுத்துப்பிழை. மழை, தொழிற்சாலை, பிறகு உங்கள் வழக்கமான இரண்டும். பாஸ். நல்ல முன்னேற்றம்.

ஒரு நடை டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள், சும்மா ரத்த அழுத்தம் பார்க்க. பள்ளி விடுமுறை விட்டிருக்கிறது, வேண்டுமானால் நான் வரட்டுமா? போனில் கேட்டால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறீர்கள்.

படம் பார்க்க இந்த வாரம் நேரமில்லை.

தனம்


டத்தோ கிராமாட்
22.7.2025

அன்புத் தங்கை தனலெட்சுமிக்கு, சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. இந்தக் கடிதத்தை நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். எழுதியதை ஹைதருக்குப் படித்துக் காட்டுகிறேன். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது, ஆனால் சொன்னதையே சொன்னால் நிறுத்தச் சொல்வான்.

போன டிசம்பரில் பஸ்ஸை எங்கே நிறுத்தினேன் என்று தெரியாமல் அரைமணி நேரம் தேடினேன். டாக்டரம்மாவிடம் போனேன். தலையைப் படம் எல்லாம் எடுத்தார்கள். மறதி நோயின் ஆரம்பம் என்றார். தினம் கையால் எழுதுங்கள், எதையாவது உன்னிப்பாகப் பாருங்கள் என்றார். பஸ் ஓட்டுவதை இப்போதே விட்டுவிடுவது நல்லது என்றும் சொன்னார்.

எனக்கு மனசு வரவில்லை தனம். அந்தப் பஸ்ஸை விட்டால் நான் யார்? அதனால் ஒரு கணக்கு வைத்தேன். என் தப்பு எனக்குத் தெரியாது. யாராவது எண்ணிச் சொல்ல வேண்டும், ஆனால் எதற்கென்று அவர்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அழுவார்கள். அப்போதுதான் உன் சிவப்பு மை நினைவுக்கு வந்தது. ஒரு தப்பும் நான் விதைக்கவில்லை. நீ பத்து என்று சொன்னாய். சரி, பத்து வந்த அன்று சாவியைக் கொடுத்துவிடுவேன் என்று உன் அண்ணி படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன்.

மே மாதக் கடிதம் எழுதிய அன்று மனசு சரியில்லை. பத்தைத் தாண்டிவிடும் என்று பயந்தேன். நீ நாலு என்று போட்டாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஹைதரைக் கூட்டிக்கொண்டு போய் நாசி கண்டார் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். முதலாளியிடம் இன்னும் ஒரு வருஷம் ஓட்டுகிறேன் என்று சொன்னேன்.

ஜூன் பதினேழு, பிற்பகல் ஷிப்ட். பாலத்தின் நடுவில் பஸ்ஸை நிறுத்திவிட்டேன். பழுது இல்லை. எந்தப் பக்கம் பிறை, எந்தப் பக்கம் தீவு என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் கடல். நோர்மா என்ற பெண் எழுந்து வந்தாள்.

“அண்ணே, என்னாச்சு? ஏன் நிறுத்திட்டீங்க?”

“நாம எங்கம்மா போறோம்?”

“பிறைக்குத்தான்லா அண்ணே. வெளாடாதீங்க.”

அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் லாரி இடித்தது. கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த சலேஹாவுக்கு நெற்றியில் ஒன்பது தையல். இரண்டு பிள்ளைக்காரி. லாரிக்காரன் கொஞ்சம் முன்னாலேயே பிரேக் பிடித்ததால் அதோடு போயிற்று.

வெயிலில் மயக்கம் என்று முதலாளி நினைக்கிறார். ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொல்கிறார். சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாலு என்பது சரியென்றால் அது மயக்கம்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உண்மையாகவே நாலுதானா?

அண்ணன்
சுகுமாரன்


ஜொகூர் பாரு
26.7.2025

அண்ணே,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை. கடிதம் வரும்வரை பஸ்ஸைத் தொடாதீர்கள் என்று நேற்று போனில் சொன்னேனே, இதற்குத்தான். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டதும் முடியவில்லை.

நாலு இல்லை. பதின்மூன்று.

வருஷத்தைப் பத்து வருஷம் பின்னால் போட்டிருந்தீர்கள். மாப்பிள்ளைக்கு ராமு என்று பேர் வைத்திருந்தீர்கள். ஜெயசீலன் ஜெயபாலனாகியிருந்தார். கார் இரண்டு முறை சுரங்கத்துக்குள் போனது. முப்பத்திநாலு பேர் இருபதானார்கள். எனக்குத் தம்பி என்று கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் பார்த்தேன். பென்சிலால் எண்ணிவிட்டுத்தான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அண்ணி சிரித்தாள் என்ற வரிக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. அண்ணி பேரைச் சுற்றி எப்படி அண்ணே சிவப்பு வட்டம் போடுவேன்? அதை விட்டேன். அதை விட்டதும், மற்றதையும் விடலாம் என்று தோன்றியது. எழுத்துப்பிழையை மட்டும் வைத்துக்கொண்டு ரப்பரால் பென்சில் எண்ணை அழித்தேன். உற்றுப் பார்த்தால் ஓரத்தில் அந்தத் தடம் தெரியும்.

பயந்துவிட்டேன். நாலு என்று போட்டால் நாலாகவே இருந்துவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குத் திருத்துகிறேன். ஒருவனுக்கும் இப்படிச் சலுகை காட்டியதில்லை. காட்டிய ஒரே முறை அந்தப் பெண்ணின் நெற்றியில் விழுந்திருக்கிறது.

பூக்காரி நான்தான் என்று நீங்கள் சொல்லியிருந்தால் ஒழுங்காகச் சுமந்திருப்பேன். ஆனால் அதைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். சாவியைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை நான் வருகிறேன்.

தனம்


டத்தோ கிராமாட்
10.8.2025

தங்கைக்கு, சுகம்.

வராதே என்று போனில் சொன்னதற்குக் காரணம் எழுதுகிறேன். கோபம். இல்லை என்றால் பொய். நீ வந்திருந்தால் முகத்துக்கு நேரே ஏதாவது சொல்லியிருப்பேன், பிறகு சொன்னதே எனக்கு மறந்திருக்கும், நீதான் சுமந்துகொண்டிருப்பாய்.

சாவியைக் கொடுத்துவிட்டேன். முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு சலேஹா வீட்டுக்குப் போய் அவளிடமும் சொன்னேன். அவள் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அம்மாதான் அளுதார்.

இனி நீ போடும் எண்ணை எப்படி நம்புவது? அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். என் கணக்கும் போய்விட்டது, உன் கணக்கும் போய்விட்டது.

ஹைதருக்குக் ‘கப்பலில் கன்னி’ கிடைத்துவிட்டது. அனுப்புகிறேன். நான் இன்னும் பார்க்கவில்லை. நீ பார்ப்பதற்கு முன்னால் உன்னிடம் எதையோ சொல்ல வேண்டும் என்று இருந்தது. என்னவென்று வரவில்லை. அந்தப் படத்துக்குப் போன அன்று எனக்கு எட்டு வயது, உனக்கு ஆறு. நல்ல மலை. கடைசிச் சண்டை வருவதற்கு முன்பே என் தோளில் தூங்கிவிட்டாய். மேகசின் சாலை வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன். உன் செருப்பு ஒன்று விழுந்துவிட்டது. இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ இல்லை என்பாய்.

எண்ணிச் சொல்.

சுகுமாறன்


ஜொகூர் பாரு
24.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசு உங்களிடம்தான் இருக்கிறது.

முதலில் எண்ணிக்கை. ஐந்து தப்பு. ‘அளுதார்’. கண்ணியைக் ‘கன்னி’ ஆக்கிவிட்டீர்கள், கப்பலில் கதாநாயகி மட்டும்தான் மிச்சம். அன்று உங்களுக்கு எட்டு வயதில்லை, பன்னிரண்டு. மறுபடியும் ‘மலை’ பெய்திருக்கிறது. உங்கள் பேரிலேயே ‘ற’ போட்டிருக்கிறீர்கள். அதற்கும் வட்டம் போட்டேன். போடும்போது அழுதேன், ஆனால் போட்டேன். ‘ஞாபகம்’ என்ற சொல்லை மட்டும் வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

என் எண்ணை எப்படி நம்புவது என்று கேட்டீர்கள். என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இரண்டு வாரம் போய்விட்டது. நேற்று உங்கள் மாப்பிள்ளையோடு உட்கார்ந்து ‘கப்பலில் கண்ணி’ பார்த்தேன்.

வில்லன் கடலில் விழவில்லை அண்ணே. கப்பல் சமையல்கட்டில் விலங்கு மாட்டிக் கூட்டிப்போகிறார்கள். சொக்கு தொப்பியை எறிந்து கூத்தாடவும் இல்லை. ஜெயசீலனுக்கு வந்த குண்டைத் தான் வாங்கிக்கொண்டு செத்துப்போகிறான். புகை கலைகிறது, நான் காத்திருக்கிறேன், அவன் இருமவே இல்லை. ஐம்பத்தாறு வயதில் சினிமா உதவியாளுக்காக விக்கி விக்கி அழுதேன். உங்கள் மாப்பிள்ளை பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன் என்று ஐம்பது வருஷமாகச் சொன்னேனே, அந்தக் காட்சி படத்திலேயே இல்லை. விழித்ததும் நான் உங்களிடம் கேட்டிருப்பேன், சொக்குவுக்கு என்னாச்சு என்று. பன்னிரண்டு வயதுப் பையன் ஆறு வயதுத் தங்கைக்கு மழையில் நடந்துகொண்டே ஒரு முடிவு கட்டிச் சொல்லியிருக்கிறான். நீங்கள் சொல்ல நினைத்து மறந்தது இதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் பொய்யால் யாருக்கும் தையல் போடவில்லை. என் பொய் அப்படியில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

அதனால் தோள், மேகசின் சாலை, செருப்பு எதற்கும் வட்டம் இல்லை. உங்களைச் சமாதானப்படுத்த இதை எழுதவில்லை. படத்தைப் பார்க்கும்போது உங்களுக்கே தெரியும். அன்று நடந்தது உங்களுக்குச் சரியாக ஞாபகம் இருக்கிறது. தப்பு என்னுடையது. ஐம்பது வருஷத்துத் தப்பு. ஒரு புள்ளி உங்களுக்கு.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். வேண்டாம் என்று சொல்ல நினைத்தால் கடிதம் எழுதுங்கள், அது வந்து சேர்வதற்குள் நான் அங்கே இருப்பேன். முகத்துக்கு நேரே என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். சலேஹா வீட்டுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

படத்தைத் தனியாகப் பார்த்துவிடாதீர்கள். கடைசிக் காட்சியை நாம் சேர்ந்து பார்க்கலாம். இந்த முறை தூங்க மாட்டேன்.

உங்கள் தங்கை
தனம்